மூச்சு முட்டாத அறை

“…முட்டுனா கயித்த ஒரு ஆட்டு ஆட்டுவேன், நீரு இழுத்துப் போடுவீரு, அவ்வளவுதானவே சோலி. மூச்சு முட்டாம எவனாவது செத்துருக்கானா, சொல்லும் மாப்ள.”

கேட்டவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். சங்கு குளிக்க, அதாவது கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கப் போகிறவர். விசைப்படகின் மேல்தளத்தில், மீனை ஐஸ் போட்டு வைக்கும் அறையின் வாய்க்குள் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்குளுக்கு அடியில் சுற்றிக் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. கீழே இருட்டுக்குள் அவருடைய செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் உண்டு. மூச்சு முட்டாமலே ஆள் சாகலாம். அவர் இறங்கப் பார்க்கிற அந்த அறைக்குள்ளேயே சாகலாம். அதை அதற்கு முன்பே பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஊரே என்னை வாயாடி என்று சொல்லும். அன்றைக்கு என் வாய் ஒன்றுக்கும் உதவவில்லை.

நான் வெல்டர். விளாத்திகுளத்துக்கு மேற்கே கரிசல்காட்டில் பிறந்தவன். நீச்சல் தெரியாது. கரையில் நின்று கடலைப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். அப்படிப்பட்டவன் தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்து, சங்குகுளிக்காரர் வீட்டில் பெண் எடுத்தேன். கல்யாணத்தன்று மச்சான் என் தோளில் கைபோட்டு, “எங்க வீட்டுல எல்லாவனும் தண்ணிக்குள்ள கெடக்கான். தரையில நிக்கதுக்கு ஒரு ஆளு வேணும்னு ஆண்டவரு உம்ம அனுப்பிருக்காரு,” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். எனக்கு அது ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்தது மாதிரி இருந்தது.

வெல்டிங்கை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்தும், சுட்டுக்கொண்டும், சிலிண்டரில் ஒட்டியிருக்கும் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தும் வந்ததுதான். உருகி நிற்கும் உலோகத்தை வெளிக்காற்று தொட்டால் அது புழு அரித்த மரம் மாதிரி துளை துளையாகிவிடும். தொடாமலிருக்க அதன் மேல் ஒரு கேஸைக் குடையாகப் பிடிக்க வேண்டும். எந்த உலோகத்துக்கு எந்தக் குடை என்று தெரிந்தால்தான் எங்கள் பிழைப்பு ஓடும். கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் உருட்டும் அண்ணாச்சி ஒருவர் இதை எனக்குச் சாப்பாட்டுக் கணக்கில் சொன்னார். “இரும்பு எதப் போட்டாலும் திங்கும். எவர்சில்வருக்கு நெஞ்செரிச்சல், பாத்துப் போடணும். அலுமினியம் பிள்ளை பெத்தவ மாதிரி, பத்தியச் சாப்பாடுதான்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இரும்புக்குக் கார்பன் டை ஆக்சைடு போதும். பொறி தெறிக்கும், ஆனாலும் ஆழமாகப் பிடிக்கும். வழுவழுப்பாக வேண்டுமென்றால் ஆர்கானோடு அதைக் கொஞ்சம் கலந்து விடுவோம். எவர்சில்வருக்கு அந்தக் கார்பன் ஆகாது, நாளாவட்டத்தில் துரு எட்டிப் பார்க்கும். நான் டிக் மெஷினில் செய்கிற வேலைக்கு ஆர்கான்தான். அதிலும் குழாய் வேலை என்றால் வெளியே குடை பிடித்தால் மட்டும் போதாது. குழாய்க்குள்ளும் ஆர்கானை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொங்கிவிடும். அலுமினியத்துக்குச் சுத்தமான ஆர்கான். கனத்த அலுமினியத்துக்கு ஹீலியம் கலப்பார்கள் என்று துறைமுகத்தில் கேள்விப்பட்டிருக்கிறேன், தொட்டதில்லை.

இந்தக் கேஸ்களைக் கண்டு பயப்படுவதிலும் ஒரு வரிசை இருந்தது. மெரூன் நிற அசிட்டிலின் சிலிண்டரைக் கண்டால் யாரும் பீடியை அணைத்துவிடுவார்கள். அது நாறும், வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு அடைந்து கிடக்கும் இடத்தில் தலையை நீட்டினால் மூக்கில் சுருக்கென்று ஏறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் தன்னால் வெளியே ஓடும். நீல நிற ஆர்கான் சிலிண்டரைப் பார்த்து யாரும் பயந்து நான் கண்டதில்லை. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, எரியாது, கடிக்காது.

நானும் பயப்படாமல்தான் இருந்தேன், துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வேலைக்குப் போகும் வரை. அங்கே வேலைக்கு விடுவதற்கு முன் பாதுகாப்பு வகுப்பு என்று எங்களை உட்காரவைத்தார்கள். பேசிய அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். மூச்சை அடக்கினால் ஏன் முட்டுகிறது? காற்று இல்லாததால் என்றோம் எல்லோரும். இல்லை என்றார். வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உடம்புக்குள் தேங்குவதால் முட்டுகிறது. ஆர்கான் நிறைந்த இடத்தில் மூச்சு நன்றாகவே போய்வரும். உள்ளே எதுவும் தேங்காது. அதனால் நெஞ்சுக்குள் மணி அடிக்காது. ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான், விழுவது அவனுக்கே தெரியாது.

அதோடு அது காற்றைவிடக் கனம். பள்ளத்தில் போய்த் தேங்கும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். நீச்சல் தெரியாதவனுக்கு இதைக் கேட்டபிறகு தூக்கம் எப்படி வரும்? இன்றைக்கு என் சட்டையில் ஒரு சின்ன மீட்டர் தொங்குகிறது. காற்றில் பிராணவாயு குறைந்தால் கூவும். நான் சொல்கிற நாளில், படகு பழுதுபார்க்கும் எங்கள் யார்டில் அப்படி ஒன்று யாரிடமும் இல்லை.

அப்போது மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாய். படகுகள் கரையேறி, முட்டுக்கொடுத்து நின்றன. நாங்கள் வேலை செய்த படகின் ஐஸ் அறைக்கு உள்ளே எவர்சில்வர் தகடு பதித்து, உருகிய ஐஸ் தண்ணீர் வடிய அடியில் எவர்சில்வர் குழாய் போட வேண்டும். அறை சிறியது. நடுவில் அடித்த தடுப்பால் இன்னும் சிறியதாகி, ஒரு ஆள் நின்று திரும்பலாம் என்ற அளவில் இருந்தது. கடல் கலங்கிக் கிடந்ததால் மச்சானுக்குச் சங்கு குளிக்கப் போக வழியில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எனக்குக் கையாளாக வந்திருந்தார். தண்ணீர் தெளிந்துவிட்டால் வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டி போன் போடுவார். அந்தப் போனுக்காக மச்சான் சட்டைப்பையை நாளெல்லாம் தடவிக்கொண்டே இருந்தார்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று உப்பளத்துத் தூசியை அள்ளிக்கொண்டு வீசிக்கொண்டிருந்தது. வெல்டிங்குக்கு அது சத்துரு. பிடித்த குடையைப் பறித்துக்கொண்டு போய்விடும். அதனால் அறை வாயைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, நான் உள்ளே இருக்கும்போது மட்டும் ஒரு புளோயரை வைத்து வெளிக்காற்றை அடிப்பக்கம் ஊதவிடுவேன். அது இல்லாமல் நான் இறங்குவதில்லை. “கெணத்துக்குள்ள எறங்குத ஆட்டுக்குட்டி மாதிரி எத்தன தடவதான் மோந்து பாப்பீரு,” என்று மச்சான் கேலி செய்வார்.

மதியம் குழாயின் கடைசி வெல்டிங் தையலை முடித்தேன். அது சூடு ஆறும் வரை உள்ளே கொஞ்சமாக கேஸ் ஓடட்டும், ஆறினதும் மூடிவிட்டு வாரும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, பக்கத்துப் படகின் நிழலுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போனேன். சற்று நேரத்தில் அவரும் வந்தார். என் மனைவி கொடுத்துவிட்ட மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“உம்ம வெல்டு இப்பம் ராசா மாதிரி கெடக்கு மாப்ள. கேஸ நல்லாக் கூட்டி விட்டுட்டு வந்துருக்கேன். வயிறு முட்டக் குடிக்கட்டும்.”

“மூடலையா?”

“எதுக்கு மூடணும்? கருத்துரும்னு நீருதான சொன்னீரு. ஊதுத காத்தாடி கேஸக் கலைச்சிரும்னு அதையும் நிப்பாட்டிட்டேன். தார்ப்பாய இழுத்து வாயவும் நல்லா மூடி வச்சிருக்கேன், ஒரு பொட்டு வெளிய போவாது.”

அவர் வள்ளத்தில் பழக்கம் அப்படி. குளிக்கிறவன் கம்ப்ரசர் டியூபைக் கடித்துக்கொண்டு அடியில் இருப்பான். மேலே இருப்பவன் காற்றைக் கூட்டி விடுவது அவன் மேல் உள்ள பிரியம். குறைத்தால் துரோகம். கீழே எது இருந்தாலும் அதற்குக் காற்று கூடப் போக வேண்டும் என்பது அவர் கைக்கே தெரிந்த தர்மம். என் வெல்டிங்கையும் அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்.

பிசைந்த சோறு என் கையிலேயே நின்றுவிட்டது. கழுவாத கையோடு ஏணியில் ஏறினேன். சிலிண்டர் மேல்தளத்தில் இருந்தது. அதன் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் குண்டு உச்சியில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மூடினேன். தார்ப்பாயை அவிழ்த்து எறிந்தேன். அறை வாயில் குனிந்து பார்த்தால், உள்ளே புதுத்தகடு பளபளவென்று, துடைத்து வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. குழாய் வழியே வந்த ஆர்கான் அவ்வளவும் அந்தச் சுத்தத்துக்குள்தான் தேங்கிக் கிடந்தது.

புளோயரைப் போடலாம் என்றால் யார்டில் கரண்ட் போயிருந்தது. வரட்டும், அதுவரை யாரும் இறங்க வேண்டாம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கீழே செல்போன் அடித்தது. எனக்குக் குழாயைப் பிடித்துக் கொடுக்கக் குனிந்தபோது மச்சானின் சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

“சம்மாட்டி,” என்றார் பின்னால் ஏறி வந்த மச்சான். “தண்ணி தெளிஞ்சிருக்கு.”

“அடிக்கட்டும். நம்ம டிரைவர் போன்ல இருந்து கூப்பிடுவோம்.”

“சம்மாட்டி நம்பரு அதுக்குள்ளதான கெடக்கு. இப்பம் எடுக்கலன்னா அடுத்தவனக் கூட்டிட்டுப் போயிருவாரு. எத்தன நாளா கரையில கெடக்கேன், தெரியுமாவே?”

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். படகின் டிரைவர், முன்பக்கத்து அணியத்தின் நிழலில் படுத்திருந்தவர், சத்தம் கேட்டு எழுந்து வந்தார். அவரிடம் மெழுகுவத்தி கேட்டேன். எங்கள் ஊரில் பாழடைந்த கிணற்றில் தூர்வார இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. டிரைவர் மாதா படத்துக்கு முன்னாலிருந்த மெழுகுவத்தியை எடுத்து வந்தார். ஒரு டப்பாவில் நிறுத்தி, பற்றவைத்து, கம்பியில் கட்டி இறக்கினேன். கொஞ்ச ஆழத்திலேயே அணைந்தது.

“காத்துவே,” என்றார் மச்சான்.

மறுபடி பற்றவைத்தேன். டிரைவர் தார்ப்பாயை இரண்டு கையாலும் விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை இன்னும் கீழே போனது, தரைக்குக் கொஞ்சம் மேலே, யாரோ இரண்டு விரலால் நசுக்கியது போல அணைந்தது. சுடர் ஆடவில்லை. ஆடாமல் அணைந்ததை நான் பார்த்தேன்.

“பாத்தீரா மச்சான், ஆடவே இல்ல.”

“அங்கன இருந்து சுத்தி வருதுவே காத்து. மாதா மெழுகுவத்திய வச்சு வெளையாடாதயும்.”

போன் நின்று, மறுபடி அடிக்கத் தொடங்கியது. அதற்கு மேல் அவரைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை. கடலில் வளர்ந்த உடம்பு அது. கயிறாவது கட்டும் என்று கெஞ்சினேன். கயிறு என்றதும் அவர் மறுக்கவில்லை. கயிறில்லாமல் அடியில் இறங்குவது அவர்கள் வீட்டில் கேலிக்கு இடம். இடுப்பில் கட்டப் போனார். நான் விடாமல், எங்கள் கிணற்றுக்காரர்கள் கட்டுவது மாதிரி அக்குளுக்கு அடியில் சுற்றி, முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டேன்.

“தொட்டில் பிள்ளைக்குக் கட்டுத மாதிரி கட்டுதாரு பாருல,” என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “கயிறு ஆளு மாறிப் போச்சு,” என்றார்.

அதுவும் அவர்கள் வீட்டுப் பேச்சுதான். குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் சகோதரன் பிடிக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது, அவன் அசரமாட்டான். இங்கே தலைகீழாக, தங்கச்சி புருஷன் அண்ணனுக்குக் கயிறு பிடிக்கிறான்.

“பரவால்ல,” என்றார். “நான் செத்தா உமக்கு வீட்டுல சோறு கெடையாது. அந்தப் பயம் போதும்.”

எனக்கு அந்தப் பயம்தான் இருந்தது. அண்ணன் எங்கே என்று வாசலில் நின்று கேட்கும் என் மனைவியின் முகம் கண்முன்னே வந்துவிட்டது. அவளுக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருவர்தான். ஆர்கானைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். மூச்சு நல்லாப் போகும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது, முட்டாது, தெரியாது என்று உளறினேன். அப்போதுதான் அவர் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார், மூச்சு முட்டாமல் எவனாவது செத்திருக்கிறானா என்று.

இறங்கிவிட்டார்.

தரையில் கால் ஊன்றி நின்றபோது அவர் தலை அறை வாய்க்குச் சற்றுக் கீழே இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துக் காட்டினார். “ஒண்ணும் இல்லவே. மீன்கொழம்பு வாசந்தான் வருது, உம்ம கையில இருந்து.”

“குனியாதயும். காலால ஓரமாத் தள்ளும், நான் கம்பிய விட்டு எடுக்கேன்.”

“காலால தள்ளுனா கண்ணாடி போயிரும்.”

“மச்சான், குனியாதயும்.”

குனிந்தார். போன் வெளிச்சம் கீழிருந்து அவர் முகத்தில் நீலமாக அடித்தது. “சம்மாட்டிதான்,” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், இருமவில்லை, இழுக்கவில்லை. பிறகு வெளிச்சம் அவர் முகத்தில் இல்லை. தகட்டின் மேல் போன் மல்லாந்து கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவர் முதுகு வளைந்து, அசையாமல் இருந்தது.

கயிறு என் கையில் தொளதொளவென்று கிடந்தது. ஆடவில்லை. ஒரு கணம் என் கையும் அது ஆடட்டும் என்று காத்திருந்தது. கயிறு ஆடினால் இழு, ஆடாமல் இழுத்தால் குளிக்கிறவன் மேலே வந்து அறைவான் என்று அந்த வீட்டில் எத்தனை சாப்பாட்டு வேளையில் கேட்டிருப்பேன். அந்தப் பேச்சு என் கைக்குள்ளேயும் இறங்கியிருந்தது.

டிரைவர் கம்பி ஏணியில் காலை வைத்துவிட்டார். அவர் லுங்கியை எட்டிப் பிடித்தேன்.

“எறங்காதல. எறங்குனா ரெண்டு பொணம்.”

“அண்ணே, ஆளு கெடக்காரு.”

“கயித்தப் பிடி. கயித்தப் பிடில.”

இருவரும் இழுத்தோம். மூச்சுப் பேச்சில்லாத உடம்பு எவ்வளவு கனம் என்று இழுத்தவனுக்குத்தான் தெரியும். கயிறு உள்ளங்கையை அறுத்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி மேலே வந்தது, அறை வாயின் விளிம்பில் தோள் இடித்து நின்றது. இடுப்பில் கட்டியிருந்தால் உடம்பு இரண்டாக மடிந்து, அந்த ஓட்டையில் அடைத்துக்கொண்டிருக்கும். டிரைவர் கயிற்றைக் காலில் சுற்றி மிதித்துக்கொள்ள, நான் அவர் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கி வெளியே சரித்தேன். நாளெல்லாம் நான் திட்டிக்கொண்டிருந்த கச்சான் காற்று அவர் முகத்தில் அடிக்கும்படி மேற்குப் பார்த்துத் திருப்பிப் போட்டோம்.

உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. கண் பாதி திறந்து வெள்ளையாகத் தெரிந்தது. டிரைவர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளங்காலைத் தேய்த்தார். நான் வாயை வைத்து ஊதினேன், நெஞ்சில் தட்டினேன், எது சரி எது தப்பு என்று யோசிக்கவில்லை. அந்த அறை இரும்பாக இருந்திருக்கக் கூடாதா என்று மட்டும் தோன்றியது. இரும்பென்றால் கார்பன் டை ஆக்சைடு போட்டிருப்போம், அது மூக்கைக் கடித்துத் துரத்தியிருக்கும், இந்நேரம் இருமிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பிறகு அவர் தொண்டையில் ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த கயிறு கப்பியில் ஏறுகிற மாதிரி. நெஞ்சு தூக்கியது. இன்னொன்று. இன்னொன்று. டிரைவர் உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் மச்சானின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், என் உள்ளங்கை ரத்தம் அவர் முகமெல்லாம் ஒட்டியிருந்தது.

முகத்தில் நிறம் திரும்ப நேரமாயிற்று. எழுந்து உட்கார்ந்தார். என்னையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எதுக்கு இழுத்தீரு?” என்றார். “நான் ஆட்டவே இல்லையே.”

“நீரு விழுந்துட்டீரு மச்சான்.”

“எப்பம்?”

டிரைவர்தான், “போன எடுக்கக் குனிஞ்சீங்கள்லா அண்ணாச்சி, அப்பம்,” என்றார்.

“போன எடுத்தேன். சம்மாட்டின்னு பாத்தேன்.” நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அதற்கு மேல் தேடினார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

“முட்டுச்சா?” என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார். சிறு வயதிலிருந்து டியூப் அறுந்தபோதும், கம்ப்ரசர் நின்றபோதும், சேற்றில் கண் தெரியாமல் வழி தப்பியபோதும் அவரை மேலே கொண்டுவந்து சேர்த்தது அந்த முட்டல்தான். அதை நம்பித்தான் அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டார். கடலைக் கண்டு நான் நடுங்குவதைப் பார்த்து எத்தனை தடவை சிரித்த மனிதர்.

கீழே போன் மறுபடி அடித்தது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அடித்து ஓய்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஆட்டோ கூட்டி வருகிறேன் என்று டிரைவர் எழுந்தார். பொறு என்று மச்சான் கையைக் காட்டினார். நெஞ்சில் இன்னும் கட்டியிருந்த கயிற்றை இழுத்து, அதன் முனையைத் தேடி எடுத்து, என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். பிறகு வாயை இறுக மூடி, இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சு முட்டுகிறதா என்று காத்திருந்தார்.